குழந்தைகளின் இருதயக் குறைகளும் மெய்நிகர் படமும்

பிறக்கும் குழந்தைகளில் ஆயிரத்துக்கு எட்டு முதல் பத்துப் பேருக்கு இருதயத்தின் அமைப்பிலேயே ஏதாவது ஒரு குறை இருக்கிறது என்பது பல நாட்டு மருத்துவர்களும் ஒப்புக்கொண்ட கணக்கு. நம் நாட்டில் மட்டும் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இப்படிப் பிறப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு முதல் வயது நிறைவதற்குள் ஆபரேஷனோ வேறு சிகிச்சையோ தேவைப்படும். ஆகவே இது எங்கோ யாருக்கோ வரும் வியாதி அல்ல. நம் சங்கத்துக்கு வந்துபோகும் குடும்பங்களிலும் இதை அனுபவித்தவர்கள் இருக்கிறார்கள்.

"டாக்டர்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு இருதயத்துக்குள்ளேயே போய்ப் பார்க்கிறார்களாமே, அது உண்மையா? அதனால் என்ன லாபம்?" என்று சில அன்பர்கள் என்னிடம் கேட்டார்கள். நான் மருத்துவன் அல்ல. ரயில்வேயில் பாதையும் பாலமும் பார்த்து ஓய்வு பெற்ற டிப்ளமா என்ஜினீயர். ஆனால் இந்த விஷயத்தில் பாதி மருத்துவம், மறு பாதி சர்வே வேலை. அந்த மறு பாதி எனக்குப் பழக்கமானது. படித்துத் தெரிந்துகொண்டதையும், விவரம் அறிந்தவர்களிடம் கேட்டு அறிந்ததையும் பாடமாகவே எழுதுகிறேன்.

1. இருதயம் ஓர் இரட்டை வழித்தடம்

இருதயத்தை ஒரு பம்ப் என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது ஒட்டிப் பிறந்த இரண்டு பம்புகள். ஒவ்வொன்றிலும் மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை. ஆக நான்கு அறைகள். உடம்பெல்லாம் சுற்றிப் பிராணவாயுவை இழந்து கறுத்து வரும் ரத்தம் வலது மேல் அறைக்கு வந்து, வலது கீழ் அறைக்கு இறங்கி, அங்கிருந்து நுரையீரலுக்குத் தள்ளப்படுகிறது. நுரையீரலில் பிராணவாயு ஏறிச் சிவந்த ரத்தம் இடது மேல் அறைக்கு வந்து, இடது கீழ் அறைக்கு இறங்கி, மகாதமனி என்ற பெரிய குழாய் வழியாக உடம்பு முழுவதற்கும் போகிறது.

ரயில் பாஷையில் சொன்னால் இது 'அப்' லைன், 'டவுன்' லைன் என்று இரட்டைப் பாதை. இரண்டும் பக்கத்தில் பக்கத்திலேயே ஓடினாலும் ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஏறக் கூடாது. நடுவில் சுவர் இருக்கிறது. ஒவ்வொரு அறையின் வாயிலிலும் ஒரு வழியாக மட்டும் திறக்கும் வால்வுகள் இருக்கின்றன. கருவில் குழந்தை உருவாகும்போது, ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள், ஒரே நேர்க்குழாயாக இருந்தது மடங்கித் திரும்பிச் சுவர் எழுப்பி இப்படி நான்கு அறைகளாகிறது. தாய்க்கே கர்ப்பம் உறுதியாகும் காலத்தில் இந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இந்த மடிப்பிலோ சுவரிலோ குழாய் இணைப்பிலோ ஏற்படும் பிழைதான் பிறவி இருதயக் குறை.

2. எளிய குறை, சிக்கலான குறை

கீழ் அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓட்டை இருப்பதுதான் அதிகம் காணப்படுவது. சிறிய ஓட்டையானால் பல குழந்தைகளுக்குத் தானே அடைந்துவிடும். மேல் அறைகளின் சுவரில் ஓட்டை, பிறந்த பின் மூட வேண்டிய ஒரு குழாய் மூடாமல் நின்றுபோவது ஆகியவையும் எளியவை. இவற்றில் பலவற்றைத் தொடையிலுள்ள ரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாய் செலுத்தி, நெஞ்சைத் திறக்காமலே அடைக்கிறார்கள். இவற்றுக்குக் கண்ணாடியும் வேண்டாம், விசேஷப் படமும் வேண்டாம். சாதாரண எக்கோ பரிசோதனையே போதும்.

சிக்கலானவை வேறு. 1888ல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஃபாலோ விவரித்த நான்கு குறைகளின் கூட்டு ஒன்று. இக்குழந்தைகளின் உதடும் நகமும் நீலம் பூக்கும். சற்று வளர்ந்த குழந்தை விளையாடும்போது மூச்சு வாங்கிச் சட்டென்று குந்தி உட்காரும். இரண்டு பெரிய குழாய்களும் இடம் மாறிப் பொருந்தியிருப்பது இன்னொன்று. இதற்குப் பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே ஆபரேஷன் நடக்க வேண்டும்.

இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது மூன்றாவது வகை. மகாதமனி, நுரையீரல் குழாய் ஆகிய இரண்டுமே வலது கீழ் அறையிலிருந்து புறப்படுவது. இடது கீழ் அறைக்குச் சொந்தமாக வெளிவாசலே கிடையாது. நடுச்சுவரிலுள்ள ஓட்டை ஒன்றுதான் அதற்குப் போக்கு. இதில் அந்த ஓட்டை எங்கே இருக்கிறது, மகாதமனியின் வாயிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, நடுவில் வால்வைப் பிடித்திருக்கும் நூல்கள் குறுக்கிடுகின்றனவா என்பதைப் பொறுத்தே அந்தக் குழந்தையின் எதிர்காலம் தீர்மானமாகிறது. மறந்துவிட வேண்டாம்: பச்சிளங் குழந்தையின் இருதயம் அதன் மூடிய கைமுட்டி அளவுதான். நிமிடத்துக்கு 120 முதல் 160 முறை துடிக்கிறது.

3. தட்டைப் படம் ஏன் போதாது?

நம் கரியாஹாட் நாற்சந்தியை நினைத்துப் பாருங்கள். தெருப்படத்தில் ராஷ்பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் ரோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் இரண்டு கோடுகள்தான். கரியாஹாட் ரோட்டின் மேல் செல்லும் மேம்பாலத்தையும் அதே காகிதத்தில் வரைந்தால், அதுவும் ராஷ்பிஹாரி அவென்யூவைத் தொடுவது போலவே தெரியும். ஊருக்குப் புதியவர் அந்தப் படத்தைப் பார்த்து, பாலத்திலிருந்து நேராக இடது பக்கம் திரும்பிப் புடவைக் கடைக்குப் போய்விடலாம் என்று நினைப்பார். நாமோ பாலத்தின் அடியில் நின்று பார்த்திருப்பதால் ஒன்று மேலே, ஒன்று கீழே, இரண்டும் சந்திப்பதே இல்லை என்று அறிவோம்.

இருதயப் படத்திலும் இதே தொல்லைதான். காகிதத்திலோ திரையிலோ இரண்டு குழாய்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால், அவை ஒட்டியிருக்கின்றனவா, விலகியிருக்கின்றனவா, எது முன்னே, எது பின்னே என்று படம் தானாகச் சொல்லாது. அனுபவமுள்ள டாக்டர் பல கோணப் படங்களை மனத்துக்குள் அடுக்கி ஓர் உருவத்தைக் கட்டிக்கொள்கிறார். படம் எடுத்தவர், இருதய வைத்தியர், சர்ஜன் ஆகிய மூவரும் மூன்று விதமாகக் கட்டிக்கொள்ள இடமுண்டு. எளிய குறையில் இந்த வித்தியாசத்தால் பாதகம் இல்லை. சிக்கலான குறையில் உண்டு.

4. படம் எடுக்கும் மூன்று கருவிகள்

முதலாவது எக்கோ. காதுக்குக் கேட்காத ஒலி அலையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு படம் வரைவது. ரயில்வே அன்பர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தண்டவாளத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று தள்ளுவண்டியில் வைத்துச் சோதிக்கிறோமே, அதே தத்துவம். அங்கே ஒலி நன்றாக இறங்கத் தண்ணீர் விடுகிறோம். இங்கே நெஞ்சில் பசை தடவுகிறார்கள். இது வெறும் உவமை அல்ல, சரித்திரமும் கூட. 1953ல் ஸ்வீடன் நாட்டில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியல் அறிஞரும் இருதயத்தை முதன்முதலில் ஒலி அலையால் பரிசோதித்தபோது, மால்மோ நகரக் கப்பல் கட்டும் தளத்தில் உலோகக் குறை கண்டறிய வைத்திருந்த கருவியைக் கொண்டே தொடங்கினார்கள். எக்கோவால் குழந்தைக்கு எந்தக் கெடுதலும் இல்லை. வால்வுகள் அசைவதையும் ரத்தம் பாயும் திசையையும் இது நன்றாகக் காட்டும்.

இரண்டாவது சி.டி. ஸ்கேன். எக்ஸ்ரேயைச் சுற்றிச் சுற்றிச் செலுத்தி, உடம்பை மெல்லிய வில்லைகளாக நறுக்கியது போலப் படமெடுப்பது. இதைக் கண்டுபிடித்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் மருத்துவரும் அல்ல, பல்கலைக்கழகப் பட்டதாரியும் அல்ல. லண்டன் ஃபாரடே ஹவுஸில் மின்பொறியியல் டிப்ளமா பெற்று இ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்தவர். 1971 அக்டோபர் 1ந் தேதி அவருடைய கருவி முதல் நோயாளியைப் படமெடுத்தது. 1979ல் அவருக்கும் கார்மாக் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அடர்த்தியைக் குறிக்கும் எண் ஒன்று உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. அந்த அளவைக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். இன்றைய கருவிகள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள வில்லைகளாக, நொடிக்கணக்கில் நூற்றுக்கணக்கான படங்களை எடுத்துவிடுகின்றன. ஆனால் கதிர்வீச்சு உண்டு. ஆகவே தேவையின்றித் திரும்பத் திரும்ப எடுக்கக் கூடாது.

மூன்றாவது எம்.ஆர்.ஐ. இதில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் நேரம் அதிகம் பிடிக்கும். குழந்தை அசையாமல் படுத்திருக்க வேண்டியிருப்பதால் பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படும்.

5. வில்லைகளிலிருந்து உருவம்

இந்த நூற்றுக்கணக்கான வில்லைகளைக் கம்ப்யூட்டரில் அடுக்கினால் ஒரு கனமான உருவம் கிடைக்கும். ஆனால் அதில் எலும்பு, நுரையீரல், இருதயம் எல்லாம் கலந்திருக்கும். எது ரத்தம் இருக்கும் இடம், எது தசை, எது மகாதமனி, எது நுரையீரல் குழாய் என்று வில்லை வில்லையாகப் பிரித்து வண்ணம் தீட்ட வேண்டும். இதில் கம்ப்யூட்டர் பாதி வேலையைச் செய்தாலும், தேர்ந்த ஒருவர் உட்கார்ந்து திருத்தியாக வேண்டும். சிக்கலான இருதயத்துக்குப் பல மணி நேரம் ஆகும். நிலத்தை அளந்து 'கான்டூர்' கோடு போட்டு, அதிலிருந்து மலையின் உருவத்தைக் கட்டுவது போன்ற பொறுமையான வேலை.

உருவம் கிடைத்த பின் அதைப் பார்க்க மூன்று வழிகள். ஒன்று, சாதாரணத் திரையிலேயே திருப்பித் திருப்பிப் பார்ப்பது. இரண்டு, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக்கிலோ ரப்பர் போன்ற பொருளிலோ அச்சிட்டுக் கையில் எடுத்துப் பார்ப்பது. மூன்றாவதுதான் மெய்நிகர் காட்சி, அதாவது விர்ச்சுவல் ரியாலிட்டி.

இதன் அடிப்படை மிகப் பழையது. நம் இரண்டு கண்களும் சுமார் ஆறு சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பதால் ஒவ்வொன்றும் சற்று மாறுபட்ட காட்சியைப் பார்க்கிறது. மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தை உணர்கிறது. 1838லேயே வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, இரண்டு கண்ணுக்கும் இரண்டு தனிப் படம் காட்டினால் தட்டைப் படமும் கனமாகத் தெரியும் என்று நிரூபித்துக் கருவி செய்தார். 1968ல் அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் அதையே கம்ப்யூட்டரோடு இணைத்துத் தலையில் மாட்டும் கருவியாக்கினார். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும்.

இன்றைய கருவியை மாட்டிக்கொண்ட டாக்டரின் முன்னே, குழந்தையின் கைமுட்டி அளவு இருதயம் ஓர் அறை அளவுக்கு விரிந்து நிற்கிறது. கையில் பிடித்த குமிழால் அதைத் திருப்பலாம். கத்தி வைத்தது போலக் குறுக்கே வெட்டித் திறக்கலாம். வலது கீழ் அறைக்குள் தலையை நுழைத்து, சுவரிலுள்ள ஓட்டையை அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கலாம். தவறாக வெட்டினால் பழையபடி சேர்த்துவிடலாம். பிளாஸ்டிக் மாதிரியில் வெட்டியது வெட்டியதுதான்.

6. பிளாக் எடுக்கும் முன் சர்வே

இதனால் லாபம் என்ன என்பதுதான் அன்பர்கள் கேட்ட கேள்வி. அதற்கு என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன்.

ஓடும் பாதையில் பழைய பாலத்தின் கர்டரை மாற்ற வேண்டுமானால், வண்டிகளை நிறுத்தி இரண்டோ மூன்றோ மணி நேரம் 'பிளாக்' தருவார்கள். அந்த நேரத்துக்குள் பழையதை எடுத்து, புதியதை வைத்து, வண்டியை விட்டாக வேண்டும். பழைய கர்டரைத் தூக்கிய பிறகு, "அடடா, தாங்கு கல்லின் அளவு சரியில்லையே" என்று டேப் பிடித்து நிற்க முடியாது. ஆகவே அளவெடுப்பது, வரைபடம் போடுவது, ஆட்களுக்கு வரிசை சொல்லி ஒத்திகை பார்ப்பது எல்லாம் முதலிலேயே முடிந்திருக்கும். பிளாக்கில் நடப்பது முடிவு செய்ததை நிறைவேற்றும் வேலை மட்டுமே.

இருதய ஆபரேஷனும் ஒரு பிளாக்தான். 1953 மே 6ந் தேதி ஃபிலடெல்ஃபியாவில் கிப்பன் என்ற சர்ஜன் இருதய - நுரையீரல் இயந்திரத்தின் உதவியால் ஒரு பெண்ணின் இருதய ஓட்டையை மூடி வெற்றி கண்டார். அன்று முதல் ரத்த ஓட்டத்தை இயந்திரத்துக்கு மாற்றிவிட்டு இருதயத்தைத் திறந்து வேலை செய்ய முடிகிறது. நின்ற இருதயத்தை எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிறுத்தி வைக்க முடியாது. ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் ஏறுகிறது.

ஒத்திகையும் புதிதல்ல. 1944 நவம்பர் 29ந் தேதி பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் நீலம் பூத்த குழந்தைக்கு முதல் ஆபரேஷன் செய்தவர் பிளாலக். யோசனை கூறியவர் குழந்தை மருத்துவர் ஹெலன் டாசிக். அந்த முறையை ஆய்வுக்கூடத்தில் நாய்களிடம் பலமுறை செய்து பார்த்துப் பழகியிருந்தவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின உதவியாளர். கல்லூரிப் படிப்புக்கு வசதியில்லாமல் போனவர். ஆபரேஷன் அன்று பிளாலக் அவரைத் தம் பின்னாலேயே நிற்க வைத்து, அடுத்து என்ன என்று கேட்டுக் கேட்டுச் செய்தார். மெய்நிகர் காட்சி இதே ஒத்திகையின் வளர்ச்சிதான். அதுவும் பொதுவான ஓர் இருதயத்தில் அல்ல, இந்தக் குழந்தையின் இருதயத்திலேயே ஒத்திகை.

மேலே கூறிய மூன்றாவது வகைக் குறைக்கு வருவோம். அங்கே சர்ஜன் செய்ய விரும்புவது ஒரு சுரங்கப் பாதை. இடது கீழ் அறையிலிருந்து, சுவர் ஓட்டை வழியாக, மகாதமனியின் வாய் வரை உள்ளுக்குள்ளேயே ஒரு சுரங்கத்தைத் தைத்துவிட்டால், இரண்டு கீழ் அறைகளும் தத்தம் வேலையைச் செய்யும். ஓட்டை மிகத் தள்ளி இருந்தாலோ, வால்வின் நூல்கள் குறுக்கே போனாலோ சுரங்கம் நெருக்கடியாகி ரத்தம் முட்டும். அப்போது வேறு வழி: ஒரே பம்பை வைத்துக்கொண்டு உடம்பை நடத்துவது. 1968ல் பிரான்ஸின் போர்டோ நகரில் ஃபோன்டான் என்ற சர்ஜன் தொடங்கிய முறை இது. உடம்பிலிருந்து வரும் கறுத்த ரத்தத்தைப் பம்ப் இல்லாமலே நேராக நுரையீரலுக்குத் திருப்பிவிடுகிறார்கள். இரண்டு மூன்று கட்டங்களாக ஆபரேஷன் நடக்கும். பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள் என்றாலும் ஆயுள் முழுவதும் கவனிப்பு வேண்டும்.

இரண்டு பம்பா, ஒரு பம்பா? இந்த ஒரு கேள்விக்கு நெஞ்சைத் திறப்பதற்கு முன்பே, அவசரமில்லாமல், எல்லோரும் ஒரே உருவத்தைப் பார்த்துப் பதில் காண்பதற்குத்தான் இத்தனை கருவிகளும்.

எங்கள் கரியாஹாட் வட்டாரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பேரக்குழந்தைக்கு இந்தக் குறையே இருந்தது. ஒரு டாக்டர் இரண்டு பம்ப் முடியும் என்றார். மற்றொருவர் முடியாது என்றார். பெற்றோர் இரவெல்லாம் தூக்கமின்றித் தவித்தார்கள். வேறு ஊருக்கு எடுத்துச் சென்றபோது இவர்கள் கையில் இருந்ததோ படத் தாள்கள் மட்டுமே. மூலப் பதிவு இல்லாததால் அங்கே குழந்தைக்கு மறுபடியும் சி.டி. எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு உருவத்தைக் கட்டித் திரையில் திருப்பிக் காட்டினார்கள். வால்வின் வாய் சுரங்கம் போக வேண்டிய வழியை அடைத்து நின்றது பெற்றோருக்கே தெரிந்தது. ஒரு பம்ப் வழிதான் என்று முடிவாயிற்று. அவர்கள் விரும்பிய பதில் அது அல்ல. ஆனாலும் அந்தத் தாய் என்னிடம் சொன்னது இதுதான்: "மாமா, ஏன் முடியாதுன்னு கண்ணால பார்த்துட்டேன். இனிமே 'வேற எங்கயாவது போயிருக்கலாமோ'ன்னு மனசு அடிச்சுக்காது." குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

7. எங்கெங்கே நடக்கிறது?

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் குழந்தைகள் ஆஸ்பத்திரி 2017ல் 'ஸ்டான்ஃபோர்ட் விர்ச்சுவல் ஹார்ட்' என்பதை வெளியிட்டது. இது முன்பே தயாரித்த மாதிரி இருதயங்கள். மாணவர்களுக்குப் பாடம் நடத்தவும் பெற்றோருக்கு விளக்கவும் பயன்படுகிறது. லண்டனில் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள், எவலினா குழந்தைகள் ஆஸ்பத்திரி டாக்டர்களுடன் சேர்ந்து, அந்தந்தக் குழந்தையின் எக்கோ, சி.டி. படங்களையே மெய்நிகர் காட்சியாகக் காட்டும் ஏற்பாட்டை உருவாக்கியிருக்கிறார்கள். முதலாவது பாடப் புத்தகம், இரண்டாவது சர்வே. வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் கொச்சி அமிர்தா ஆஸ்பத்திரி டாக்டர்கள், என்ன செய்வது என்று முடிவாகாமல் இருந்த 5 சிக்கலான நோயாளிகளுக்கு, சி.டி., எம்.ஆர்.ஐ. பதிவுகளிலிருந்து முப்பரிமாண அச்சில் இருதய மாதிரிகள் செய்து, முடிவெடுக்கவும் ஆபரேஷனைத் திட்டமிடவும் அவை உதவியதை 2017ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். பணவசதி குறைந்த சூழ்நிலையிலும் இது முடியும் என்பதே அவர்கள் காட்டியது. உருவம் கட்ட உதவும் 'த்ரீடி ஸ்லைசர்' என்ற கம்ப்யூட்டர் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. தலையில் மாட்டும் கருவியின் விலையும் ஒரு நல்ல கைப்பேசியின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அபூர்வமானது கருவி அல்ல. உட்கார்ந்து பிரித்து வண்ணம் தீட்டும் கையும், பார்த்துப் பொருள் சொல்லும் கண்ணும்தான்.

அந்தக் கைகளும் கண்களும் நம் நாட்டில் வளர்ந்த கதையில் நமக்கும் பங்குண்டு. இந்தியாவின் முதல் இருதய பைபாஸ் ஆபரேஷனை 1975ல் டாக்டர் கே.எம். செரியன் செய்தது நம் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில். பின்னர் குழந்தைகளின் இருதய ஆபரேஷனிலும் அவர் முன்னோடியாக விளங்கினார். 2025 ஜனவரியில் காலமானார். கல்கத்தாவில் 1989ல் பி.எம். பிர்லா இருதய ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அங்கே பணியாற்றிய டாக்டர் தேவி ஷெட்டி 1992ல் பச்சிளங் குழந்தைக்கு இருதய ஆபரேஷன் செய்து புகழ் பெற்றார். அவர் 2000ல் முகுந்தபூரில் நிறுவிய ரவீந்திரநாத் தாகூர் இருதய ஆஸ்பத்திரி, பிஜன் சேது தாண்டி ரூபி வழியாகப் போனால் கரியாஹாட்டிலிருந்து தூரமில்லை. முன்னெல்லாம் வங்காள அண்டை வீட்டார், "வேலூருக்குப் போகிறோம், தமிழில் நாலு வார்த்தை எழுதித் தாருங்கள்" என்று நம்மிடம் வருவார்கள். இன்னும் வருகிறார்கள். ஆனால் குழந்தை இருதயத்துக்குக் காட்பாடி வண்டி ஏறித்தான் ஆக வேண்டும் என்ற நிலை இன்று இல்லை.

8. இதனால் ஆகாதவை

படம் பார்த்தால் நோய் தீராது. மேலும், வடிவத்தைக் காட்டும் உருவம் அழுத்தத்தைக் காட்டாது. நுரையீரல் குழாயில் அழுத்தம் எவ்வளவு என்று அறியச் சில குழந்தைகளுக்குக் குழாய் செலுத்தி அளந்தே ஆக வேண்டும். மெல்லிய வால்வு இதழ்கள் சி.டி.யில் சரியாக விழுவதில்லை. அதற்கு எக்கோவே மேல். ரத்தம் நிறைந்து துடிக்கும் இருதயத்தைப் படமெடுக்கிறார்கள். சர்ஜன் பார்ப்பதோ காலியாகித் துவண்ட இருதயம். இரண்டும் அச்சாக ஒன்றாக இராது. வண்ணம் தீட்டுபவர் தவறு செய்தால் உருவமும் தவறாகவே வரும், ஆனால் பார்க்க அழகாக இருக்கும். இதுதான் அபாயம். இதுவரை வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் சில பத்துக் குழந்தைகளை வைத்துச் செய்தவை. ஆகவே, "அந்தக் கண்ணாடி இல்லாத ஆஸ்பத்திரியா? வேண்டாம்" என்று யாரும் ஒதுக்க வேண்டியதில்லை. நல்ல எக்கோவும் அனுபவமுள்ள சர்ஜனும், ஆபரேஷனுக்குப் பின் இரவு பகல் கண் விழிக்கும் நர்ஸுகளும் இருந்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவே போதும்.

9. நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

1. கர்ப்பிணிக்கு 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் குழந்தையின் இருதயத்தைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ, குடும்பத்தில் முன்பே இக்குறை இருந்தாலோ, அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் திருமணம் நடந்திருந்தாலோ கூடுதல் கவனம் தேவை. பெண்களுக்கு ருபெல்லா தடுப்பூசி கர்ப்பத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

2. பிறந்து ஒரு நாள் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் மாட்டும் கருவி, கொரோனா காலத்தில் எல்லோரும் வாங்கினோமே, அதைப் போன்றதுதான். குழந்தைக்கென்று தனி உணரி உண்டு. 95க்குக் குறைந்தால் டாக்டர் மீண்டும் பார்க்க வேண்டும். 90க்குக் குறைந்தால் தாமதமே கூடாது.

3. பால் குடிக்கும்போது நெற்றி வேர்ப்பது, சிறிது குடித்துச் சிறிது ஓய்ந்து இளைப்பது, எடை ஏறாமை, அடிக்கடி நெஞ்சுச் சளி, உதட்டில் நீலம் - இவற்றைத் 'திருஷ்டி' என்றும் 'மாந்தம்' என்றும் தள்ளிப்போடாதீர்கள்.

4. சி.டி., எம்.ஆர்.ஐ. எடுத்தால் படத் தாளோடு நிற்காமல், மூலப் பதிவைக் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். 'டைகாம் பதிவு' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். அது இருந்தால்தான் சென்னையிலோ கொச்சியிலோ உள்ள டாக்டர் உருவம் கட்டிப் பார்க்க முடியும். குழந்தைக்கு இரண்டாம் முறை கதிர்வீச்சும் மிச்சம். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும்.

5. டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். முடிவில் என் குழந்தைக்கு இரண்டு பம்பா, ஒரு பம்பா? எந்த வயதுக்குள் செய்ய வேண்டும்? பின்னால் இன்னும் எத்தனை ஆபரேஷன் வரும்? பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். வங்காளியிலோ ஆங்கிலத்திலோ தடுமாற்றம் இருந்தால் மொழி தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

6. பணத்துக்காகக் காலம் தாழ்த்த வேண்டாம். மேற்கு வங்க அரசு 2013ல் தொடங்கிய 'சிசு சாத்தி' திட்டம் 18 வயது வரையுள்ள குழந்தைகளின் இருதயச் சிகிச்சைக்காக ஏற்பட்டது. அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். ரயில்வே குடும்பங்கள் தங்கள் ஆஸ்பத்திரி மூலமே மேல் சிகிச்சைக்குக் கடிதம் பெறலாம்.

மெய்நிகர் கண்ணாடியை மாட்டிக்கொள்வது டாக்டரின் வேலை. குழந்தையை உரிய வயதுக்குள் அவர் முன் கொண்டுபோய் நிறுத்துவது நம் வேலை. இரண்டாவது நடக்காவிட்டால் முதலாவதற்குப் பயனே இல்லை. நேரத்தோடு தொடங்கிய சர்வேயே நல்ல சர்வே என்பது பாதைக்கும் பாலத்துக்கும் மட்டுமல்ல, கைமுட்டி அளவு இருதயத்துக்கும் பொருந்தும்.